எனக் கொள்க

மேற்கே மலையும் கிழக்கே ரயில்வே கேட்டும் நடுவில் ஒரு கலைக் கல்லூரியும் உள்ள எங்கள் புளியங்கேணியில் மழை சொன்னால் பெய்தது, போதும் என்றால் நின்றது, அதற்கு நான்தான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். எழுதியது நான்தான், ஆனால் எழுதின பேனாவைச் செய்தவர் என் வீட்டுக்காரர் ஆறுமுகநயினார், ஆகவே பெருமையைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்வதில் எனக்கு அன்றைக்கு ஒரு வருத்தமும் இருக்கவில்லை. என் பெயர் ஆவுடைச்செல்வி. கல்லூரியில் தர்க்கம் நடத்துகிறேன். இந்த வரியிலிருந்து அந்த வரிக்குப் போக உனக்கு யார் அனுமதி கொடுத்தது என்று பிள்ளைகளைக் கேட்டுக் கேட்டே சம்பளம் வாங்குகிற நான், வீட்டில் இருந்த ஒரே ஒரு மனிதரிடம் எட்டு வருஷமாக அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று தெரிந்தபோது, நான் அந்த எட்டு வருஷமும் உட்கார்ந்து எழுதின இருநூற்றுப் பன்னிரண்டு பக்க நிரூபணம் நிற்குமா விழுமா என்கிற இடத்தில் நின்றேன்.

நாங்கள் நிரூபணம் எழுதுகிற முறையை முதலில் சொல்லிவிடுகிறேன், பயப்பட வேண்டாம், சமையல் குறிப்பை விடக் கஷ்டமில்லை. ஒன்றை உண்மை என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகிறது பார்ப்போம் என்று தொடங்கும்போது, அதை எழுதிப் பக்கத்தில் ‘எனக் கொள்க’ என்று போட்டு, அதற்கு ஒரு பெட்டி திறப்போம். இடது பக்கம் ஒரு நெடுங்கோடு, அது பெட்டியின் சுவர், சுவரின் உச்சியில் ஒரு சின்னக் கொக்கி. கொண்டதிலிருந்து கிடைப்பதெல்லாம் அந்தச் சுவருக்கு உள்ளே ஒன்றன்கீழ் ஒன்றாக வரும், எந்த வரி எதிலிருந்து வந்தது என்று ஓரத்தில் எண் போட வேண்டும், வேலை முடிந்ததும் அடியில் ஒரு படுக்கைக் கோடு இழுத்துப் பெட்டியை மூடிவிட வேண்டும். மூடியபின் உள்ளே இருப்பதைப் பார்க்கலாம், வெளியே எடுத்துப் பயன்படுத்தக் கூடாது. திறந்த பெட்டியோடு தாளைக் கொடுத்தால் நான் பூஜ்யம்தான் போடுவேன், அழுதாலும் போடுவேன்.

கல்லூரிக்கு டேப்லெட் வந்தபோது இதை அதில் எழுதுவது பெரும்பாடாக இருந்தது. உள்ளே ஒரு வரி கூடினால் சுவர் எட்டாது, ஒரு வரியை அழித்தால் பாதிச் சுவரும் சேர்ந்து அழியும், இல்லையென்றால் என் கையெழுத்தையே அச்செழுத்தாக மாற்றி நான் எழுதாத ஒன்றை எழுதிக் காட்டும். ஆசிரியர் அறையில் இதைப் பற்றி நான் புலம்பாத நாள் இல்லை. கேட்ட எல்லோரும் சரி சரி என்று டீ குடிக்கப் போனார்கள், கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்ளும் நயினார் மட்டும் ஒரு நோட்டோடு வந்து என் எதிரே உட்கார்ந்தார். சுவர் தானாக வளர வேண்டும் என்றேன், எழுதிக்கொண்டார். எழுத்து என் எழுத்தாகவே இருக்க வேண்டும் என்றேன், எழுதிக்கொண்டார். தாளுக்கு விளிம்பே கூடாது, ஊரே ஒரே தாளில் எழுதினாலும் இடம் மிஞ்ச வேண்டும், மூடிய பெட்டிக்குள் இருப்பது சாம்பல் நிறமாக வேண்டும், எத்தனை பெட்டி இன்னும் திறந்திருக்கிறது என்று மூலையில் ஒரு எண் காட்ட வேண்டும் என்றேன். இரண்டு மாதம் ஒருத்தர் நான் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை, பெண்ணாகப் பிறந்து கணக்கும் படித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

டேப்லெட்டில் எழுதுகிற ஒரு பேனாவும் அதற்கு ஒரு தாளும் செய்து கொண்டுவந்து காட்டினார். கேட்டதெல்லாம் இருந்தது, கேட்காத ஒன்றும் இருந்தது. தாளின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழே ஒரு மெல்லிய வெளிர்சிவப்புக் கோடு.

“இது என்ன சார்?”

“மார்ஜின் டீச்சர். பரீட்சைப் பேப்பர்ல இருக்கும்லா, பிள்ளைகளுக்குப் பழக்கமா இருக்கட்டும்னு போட்டேன்.”

“மூலையில ஒண்ணுன்னு காட்டுதே, இன்னும் யாரும் ஒண்ணும் எழுதலியே.”

“அது சின்னப் பிழை. ஒண்ணுலருந்து எண்ண ஆரம்பிக்கு. திறந்த பெட்டி எதுவும் கிடையாது.”

சரி என்றேன். மார்ஜினுக்கு வலப்பக்கம் எழுத ஆரம்பித்தேன், மறு மாதம் அவர் கல்யாணத்துக்குக் கேட்டார், அதற்கும் சரி என்றேன்.

மழை அந்தச் சித்திரையில்தான் பெய்தது. முதலாண்டு வகுப்பில் புதுப் பேனாவால் ‘மழை பெய்கிறது எனக் கொள்க’ என்று எழுதினேன், உதாரணத்துக்கு எல்லோரும் அதைத்தான் எழுதுவோம். மூன்றாவது வரிக்குப் போவதற்குள் ஜன்னலில் சடசடவென்று அடித்தது, பிள்ளைகள் எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்கள், ஏழாவது வரியில் பெட்டியை மூடினேன், வெயில் வந்தது. மறுநாள் அடுத்த பாடம் நடத்தினேன். ஒரு வாரத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது, ரயில்வே கேட் வரைக்கும்தான் பலிக்கும், கேட்டுக்கு அந்தப் பக்கம் பலிக்காது என்பதையும் ஊரே கண்டுபிடித்தது, நான் ஒன்றும் ஆராயவில்லை.

பிறகு என் வீட்டு வாசலில் செருப்பு குறைந்த நாளே கிடையாது. பெண் பார்க்க வருகிற அன்றைக்கு ‘மாப்பிள்ளைக்குத் தலைநிறைய முடி இருக்கிறது எனக் கொள்க’ என்று இரண்டு மணி நேரத்துக்கு எழுதித் தரச் சொன்னார்கள், மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்று ‘தெற்குத் தெருச் சாலை நன்றாக இருக்கிறது எனக் கொள்க’ என்று பத்திலிருந்து பன்னிரண்டு வரை எழுதினோம், அவரும் பாராட்டிவிட்டுப் போனார், கார் திரும்பியதும் பெட்டியை மூடினோம், பின்னால் வந்த மாட்டுவண்டி பழைய குழியில் இறங்கியது. தண்ணீர்க் கஷ்டத்துக்கு மட்டும் அது உதவவில்லை. பெட்டிக்குள் பெய்த மழையில் நிறைந்த குடம், மூடியபின்னும் நிறைந்தபடியே இருக்கும், ஆனால் அதைக் குடித்தால் தாகம் அடங்காது, அதில் அரிசி வேகாது, அதில் முக்கியெடுத்த துணி நனையாது. பெண்கள் அந்தக் குடங்களைக் கொட்டவும் மனமில்லாமல் வைத்துக்கொள்ளவும் இடமில்லாமல் கொல்லையில் வரிசையாக வைத்திருந்தார்கள். திறந்ததை மறந்துவிடாமல் இருக்க முந்தானையில் ஒரு முடிச்சு போட்டுக்கொள்வது வழக்கமாயிற்று. சாயங்காலம் ஆறு மணிக்கு நகராட்சிச் சங்கு ஊதும்போது ஊரில் திறந்த பெட்டி எல்லாவற்றையும் மூடிவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள், சங்கு ஊதியதும் வீட்டுக்கு வீடு முடிச்சை அவிழ்ப்பார்கள்.

எல்லாம் மூடியபின்னும் மூலையில் ஒன்று என்று காட்டும். அதுதான் ஊரை அரித்தது. யாரோ எதையோ கொண்டுவிட்டு மூடாமல் இருக்கிறார்கள், அது எது, எப்போது திறந்தது என்று தெரியாமல் ஆளாளுக்கு ஒரு பயம். புதிதாகக் குழந்தை பிறந்த வீட்டில் குழந்தையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். வியாபாரம் நன்றாக நடந்தவர்களுக்குச் சோறு இறங்கவில்லை. கல்லூரி வாசலில் இட்லிக்கடை போட்டிருக்கும் மாடத்தி அக்கா ஒருநாள் மத்தியானம் கடையை அப்படியே போட்டுவிட்டு என்னிடம் வந்தாள். அவள் மகன் லாரி ஓட்டுகிறவன், நாலு வருஷமாகக் குடியைத் தொடவில்லை.

“டீச்சர், அந்த ஒண்ணைத் தேடாதீங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“எதுக்குக்கா?”

“எம்மவன் திருந்துனதுதான் அந்த ஒண்ணா இருந்தா? நீங்க மூடிட்டீங்கன்னா சாயந்திரமே அவன் கடைக்குப் போயிருவான்லா.”

“அக்கா, அப்படி ஒண்ணு இல்லவே இல்ல. அது மெஷின்ல உள்ள பிழை. அவுக சொல்லிட்டாக.”

“நயினார் சாரா சொன்னாவ?”

“அவுகதான்.”

மாடத்தி அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இரக்கப்படுகிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. ஊருக்கே அந்த எண்ணின் மேல் சந்தேகம் இருந்தது, தர்க்கம் படித்த எனக்கு மட்டும் இல்லை.

இதற்கிடையில் நான் என் நிரூபணத்தை எழுதிக்கொண்டிருந்தேன். கல்யாணமான புதிதில் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அதன் முதல் இருபது பக்கத்தை அனுப்பி, அங்கே சேர்ந்து மீதியை எழுத இடம் கேட்டிருந்தேன். பதில் வரவில்லை என்று அவர் சொன்னார், தபால் எல்லாம் அவர் கையில்தான் வரும். சரி, அவர்களுக்குப் பிடிக்கவில்லை போல என்று நானே உட்கார்ந்து தனியாக எழுதினேன், காலையில் சமையலுக்கு முன் ஒரு மணி நேரம், கல்லூரி விட்டு வந்து இரண்டு மணி நேரம், எட்டு வருஷம். நீளமான கணக்குகளை அவரிடம் கொடுத்து மெஷினில் ஓட்டிப் பார்க்கச் சொல்வேன், சரியாக வருகிறது என்பார், அடுத்த வரிக்குப் போவேன். எட்டு வருஷத்தில் அவர் ஒரு தடவைகூடச் சொன்ன சொல்லை மாற்றிச் சொன்னதில்லை, அதை அவருடைய நல்ல குணம் என்று என் அம்மாவிடம் சொல்லிப் பீற்றியிருக்கிறேன். போன மாசி மாதம் நிரூபணம் முடிந்தது. இந்தத் தடவை அதை முழுசாக அதே நிறுவனத்துக்கு அனுப்பி, இது நான் எழுதியது என்று சொல்லப் போகிறேன் என்கிற ஒரே நினைப்பில் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

அனுப்புமுன் பெயர் எழுத வேண்டுமே. பரீட்சை எழுதியே வளர்ந்தவர்கள் நாங்கள், பெயரையும் எண்ணையும் எங்கே எழுதுவோம் என்றால் மார்ஜின் தொடங்குகிற இடத்துக்கு மேலே, இடது மூலையில். வேறு இடத்தில் எழுதினால் அந்தத் தாள் எங்களுடையது இல்லை என்கிற மாதிரி இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தாளை மேலே தள்ளிக்கொண்டு மார்ஜினின் உச்சியைத் தேடிப் போனேன். ஐந்து நிமிஷ வேலை என்று நினைத்தேன். என் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கமும் கடந்து போயின, ஊரார் கொண்ட முடியும் சாலையும் கடந்து போயின, முதலாண்டு மழையும் கடந்து போனது, கோடு மட்டும் மேலே மேலே போய்க்கொண்டே இருந்தது. மத்தியானம் ஒரு கை சோறு தின்றுவிட்டு மறுபடியும் தள்ளினேன். சாயங்காலம் நாலு மணிக்கு உச்சிக்கு வந்தேன். அங்கே கோட்டின் தலையில், சுவர்களுக்கு மட்டும் நான் கேட்டு வாங்கின அந்தச் சின்னக் கொக்கி இருந்தது.

பக்கத்தில் நயினாரின் கையெழுத்தில் ஐந்து வரிகள் இருந்தன.

1. நான் சொல்வதை எல்லாம் ஆவுடை நம்புகிறாள் எனக் கொள்க.

2. நான் சொன்னதை அவள் சரிபார்க்க மாட்டாள் (1).

3. மார்ஜின் என்றால் மார்ஜின் என்பாள் (2).

4. கல்யாணத்துக்குக் கேட்டால் சம்மதிப்பாள் (1).

5. சென்னைக் கடிதம் வரவில்லை என்றால், வரவில்லை என்று இருந்துவிடுவாள் (2).

முதல் மூன்றும் ஒரு நாளில் எழுதியது, மற்ற இரண்டும் பிறகு எழுதியது, எழுத்தின் சாய்வில் தெரிந்தது. ஒவ்வொரு வரிக்கும் நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே ஓரத்தில் எண் போட்டிருந்தார். ஒரு பிழை கிடையாது. என் மாணவன் எழுதியிருந்தால் பத்துக்குப் பத்து போட்டு வகுப்பில் வாசித்துக் காட்டியிருப்பேன். முதல் வரியை எழுதும்போது அது பலிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்காது, அந்த நியாயத்தை நான் அவருக்குக் கொடுக்கிறேன். பலித்ததைப் பார்த்தபின் மூடாமல் விட்டார், அதுதான் அவர்மேல் என் வழக்கு.

டேப்லெட்டை எடுத்துக்கொண்டு போனேன். அவர் அடுக்களை மேடையில் மிக்சியைக் கழற்றிப் போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, இது உங்க எழுத்துதானே?”

பார்த்தார். கையில் இருந்த திருகாணியைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார்.

“அது சும்மா டெஸ்டுக்கு எழுதுனது ஆவுடை. பெட்டி திறக்குதான்னு பாக்கதுக்கு. மூட மறந்துட்டேன்.”

நம்பினேன். என்னத்தைச் செய்ய, பெட்டி திறந்தல்லவா இருந்தது. அந்த ஐந்து வரிகளையும் கண்ணால் படித்துவிட்டு வந்து நின்றும், மனசில் ஒரு முள் குத்தவில்லை, பாவம் வேலை மும்முரத்தில் மறந்திருப்பார் என்றே தோன்றியது. இதை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

“அப்போ இது திறந்த பெட்டிதானா?”

“ஆமா. திறந்த பெட்டிதான்.”

“மூடிரட்டுமா?”

“மூடாத. உன் நிரூபணம் பூராவும் அதுக்குள்ளதான் கெடக்கு. மூடுனா எல்லாம் சாம்பலாயிரும். எட்டு வருஷம் போயிரும் ஆவுடை, யோசிச்சுக்கோ.”

அதையும் நம்பினேன், அது உண்மையும்கூட. திரும்பிப் போய் என் மேஜையில் உட்கார்ந்தேன். சந்தேகப்பட என்னால் முடியாது, கோபப்பட முடியாது, கையில் மிச்சமிருந்தது தொழில் மட்டும்தான். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் கடைசி வரிக்குக் கீழே, அந்தச் சிவப்புச் சுவருக்கு உள்ளேயே எழுதினேன்: திறந்த பெட்டி எதுவும் கிடையாது, இது அவர் அன்றைக்குச் சொன்னது, அவர் சொல்வதை எல்லாம் நம்புகிறேன், ஆகவே உண்மை. அதற்கடுத்த வரியில் எழுதினேன்: இது திறந்த பெட்டி, இது அவர் இன்றைக்குச் சொன்னது, அவர் சொல்வதை எல்லாம் நம்புகிறேன், ஆகவே உண்மை. இரண்டையும் படித்துப் பார்த்தேன், இரண்டையும் மனசார நம்பினேன். கீழே ‘முரண்பாடு’ என்று எழுதினேன். பெட்டிக்குள் முரண்பாடு வந்துவிட்டால், உச்சியில் கொண்டது நிற்காது, பெட்டியை மூடி வெளியே அதற்கு நேர்மாறானதை எழுத வேண்டும். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு மூன்றாவது வாரத்தில் நடத்துகிற பாடம் இது.

பேனாவைத் தாளில் வைத்ததும் அழுகை வந்தது. அவரை நினைத்து இல்லை. முப்பத்தோராம் பக்கத்தில் ஓர் இடம், ஒன்றரை வருஷம் அசையாமல் நின்று ஒரு காலையில் தோசை ஊற்றும்போது பளிச்சென்று திறந்துகொண்ட இடம், அதை நினைத்துத்தான் அழுதேன். வாசலில் நிழல் விழுந்தது.

“ஆவுடை, வேண்டாம்னு சொன்னேன்லா.”

படுக்கைக் கோட்டை இழுத்தேன். வெளியே எழுதினேன்: அவர் சொல்வதை எல்லாம் ஆவுடை நம்பவில்லை. எழுதி முடிக்கும்போது சாம்பல் நிறம் பக்கம் பக்கமாக மேலே ஏறிக்கொண்டிருந்தது, எட்டு வருஷம் வராத கோபம் ஒரே மூச்சில் வந்தது, திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன், இந்த முகத்தை நான் ஒருநாளும் உற்றுப் பார்த்ததே இல்லை என்று தெரிந்தது.

“அந்த லெட்டரை எடுங்க.”

“எந்த லெட்டர்?”

“சென்னை லெட்டர்.”

பீரோவைத் திறந்து துணிக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, “நீ போயிருவியோன்னு பயந்துட்டேன்” என்றார். ஜூலை ஒன்றாம் தேதிக்குள் வந்து சேர வேண்டும் என்று எழுதியிருந்தது, எட்டு வருஷத்துக்கு முந்தைய ஜூலை.

ஆறு மணிச் சங்கு ஊதியபோது மூலையில் பூஜ்யம் காட்டியது. ஊரில் வெடி போட்டார்கள். யாருடைய குழந்தையும் காணாமல் போகவில்லை, யாருடைய வியாபாரமும் படுக்கவில்லை. மாடத்தி அக்கா ஒரு தூக்கில் கேசரி கொண்டுவந்தாள், மகன் வீட்டில்தான் இருக்கிறான், டீ குடிக்கிறான் என்றாள், சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நல்லவேளை டீச்சர், அந்த ஒண்ணு ஒங்களோடதாப் போச்சு.”

அவள் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் இந்த ஊருக்கு எத்தனை மழை எழுதியிருக்கிறேன், எத்தனை தலைக்கு முடி எழுதியிருக்கிறேன், என் வீடு இடிந்த அன்றைக்கு வெடி போடுகிறார்களே என்று எனக்கு வலித்தது. கேசரியை வாங்கிக்கொண்டு தூக்கைக் கழுவிக் கொடுத்தேன்.

கல்யாண ஆல்பம் இருக்கிறது. குற்றாலத்துக்குப் போனது, எனக்கு டைபாய்டு வந்தபோது பதினோரு நாள் அவர் பக்கத்திலேயே இருந்தது, எல்லாம் நினைவில் இருக்கிறது, ஒன்றும் அழியவில்லை. எடுத்து எதற்காவது பயன்படுத்தலாம் என்று பார்த்தால் முடியவில்லை, கொல்லையில் இருக்கும் அந்தக் குடத்துத் தண்ணீர் மாதிரிதான். அவரைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. அவரிடம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்த கணக்குகள் நூற்றுக்கு மேல், ஒவ்வொன்றையும் இனி நானே போட வேண்டும்.

மறுநாள் காலை கோட்டுக்கு வெளியே, புதிய இடத்தில், முதல் பக்கத்தின் முதல் வரியை எழுத ஆரம்பித்தேன். அவர் காபி கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

“சீனி போட்டிருக்கேன்” என்றார்.

டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். போட்டுத்தான் இருந்தது.